பாலத்தில் யார் முதலில்? ஐஸ்லாந்தில் கார் ஓட்டிய அனுபவம்

ஐஸ்லாந்தைச் சுற்றிவரும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலை ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். வாடகைக் கார் எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் மாறி மாறி ஓட்டினோம். கிளம்பும் முன் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "வலது பக்கம் ஓட்டணுமே, பயமா இல்லையா?" வலது பக்கம் சீக்கிரம் பழகிவிடுகிறது. கவனமாகக் கற்றுக்கொள்ள வேண்டியவை வேறு.

ஐஸ்லாந்துக்காரர்களே 1968 மே 26 வரை நம்மைப் போல இடது பக்கம் ஓட்டியவர்கள்தான். அன்று காலை நாடு மொத்தமும் வலது பக்கத்துக்கு மாறியது. இதைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே தைரியம் வந்தது. போக்குவரத்து இருக்கிற சாலையில் முன்னால் போகிற வண்டியே வழிகாட்டும். ஆபத்து காலிச் சாலையில்தான். பெட்ரோல் பங்கிலிருந்தோ படம் எடுக்க ஒதுங்கிய இடத்திலிருந்தோ வெளியே வரும்போது கை பழைய பழக்கத்துக்கே போகப் பார்க்கும். அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு முறையும் "வலது" என்று வாய்விட்டுச் சொல்வது என்று முடிவு செய்தோம். கடைசி நாள் வரை அதை விடவில்லை.

ரேக்யவிக் நகரின் இரட்டைத் தட ரவுண்டானாக்களில் விதி வேறு மாதிரி. வெளியேறும்போது உள் தடத்தில் இருப்பவருக்குத்தான் முன்னுரிமை. வெளித் தடத்தில் இருப்பவர் அவருக்கு வழிவிட வேண்டும். மற்ற நாடுகளில் ஓட்டிப் பழகியவர்களுக்கே இது புதிது. முதல் வழியிலேயே திரும்புவதாக இருந்தால் மட்டும் வெளித் தடம், இல்லையென்றால் உள் தடம் என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

வேக வரம்பு எளிது: ஊருக்குள் பொதுவாக 50, ஊருக்கு வெளியே சரளைச் சாலையில் 80, தார்ச் சாலையில் 90. ஆனால் சரளையில் 80 என்பது உச்சம் மட்டுமே. தார் முடிந்து சரளை தொடங்கும் இடத்தில் வேகத்தைக் குறைக்காவிட்டால் வண்டி வழுக்கும். கோடையில் வெளியூர்க்காரர்கள் பலர் கவிழ்வது இப்படித்தான். முகப்பு விளக்கு பகலிலும் எரிய வேண்டும். தானியங்கி விளக்கை நம்பாதீர்கள், பின்விளக்கு எரியாமல் இருக்கலாம். சுவிட்சை நீங்களே போட்டுவிடுங்கள்.

இனி பாலங்கள். தென்கிழக்குப் பகுதியில் நெடுஞ்சாலையே திடீரென்று ஒரு வண்டி அகலத்துக்குச் சுருங்கும். 'எய்ன்பிரெய்த் ப்ரூ', அதாவது ஒற்றைத் தடப் பாலம், என்ற பலகை முன்கூட்டியே எச்சரிக்கும். பாலத்துக்கு யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் முதலில் போகலாம் என்பது வழக்கம். ஆனால் எதிரே வருபவரும் நானே பக்கம் என்று நினைத்துவிட்டால்? அதனால் ஒதுங்கி நின்று பார்த்துவிட்டுப் போவதே எங்கள் வழக்கமாயிற்று. காத்திருந்தால் இழப்பது அரை நிமிடம்.

நாட்டின் முக்கியச் சாலையில் ஏன் இப்படி ஒற்றைப் பாலங்கள் என்ற கேள்விக்கு ஸ்காப்தாஃபெல் அருகே பதில் கிடைத்தது. சாலையோரத்தில் முறுக்கிப்போட்ட இரும்பு உத்தரங்கள் கிடக்கின்றன. 1974-இல் இங்கிருந்த கரும்மணல் வெளியில் ஆறுகளைக் கடக்கும் பாலங்களைக் கட்டி முடித்த பிறகுதான் இந்தச் சாலை தீவைச் சுற்றி முழு வட்டமானது. 1996-இல் வத்னயோகுல் பனிப்பாறைக்கு அடியில் எரிமலை வெடித்தது. நவம்பரில் உருகிய நீர் பனிக்கட்டிகளோடு பாய்ந்து ஒரு பாலத்தை அடித்துக்கொண்டு போனது, நீளமான இன்னொன்றைப் பிய்த்தது. அந்த இரும்புதான் இது. மக்கள்தொகை நான்கு லட்சத்தை ஒட்டிய ஒரு நாடு, இப்படிப்பட்ட ஆறுகள்மேல் எல்லா இடத்திலும் அகலப் பாலம் போடுவது லேசில்லை. அதைப் பார்த்த பிறகு எந்தப் பாலத்தின் முன்னாலும் எனக்குப் பொறுமை குறையவில்லை.

காற்றை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். சாலையோர மின்பலகைகள் காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று காட்டும். அதை 3.6-ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய கணக்கு வரும்: 20 என்றால் மணிக்கு 72 கிலோமீட்டர். அந்தக் காற்றில் கதவைச் சும்மா திறந்தால் கீலோடு வளைந்துபோகும். வண்டியை முடிந்தவரை காற்றுக்கு எதிராக நிறுத்தி, கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறக்க வேண்டும். வாடகைக் காப்பீடுகள் பலவற்றில் காற்றால் வரும் சேதம் சேராது. கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோடையில் ஆடுகள் வேலியில்லாமல் மேயும். சாலைக்கு ஒரு பக்கம் தாயும் மறுபக்கம் குட்டியும் நின்றால் உடனே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் குட்டி தாயிடம்தான் ஓடும்.

பாதையை விட்டு இறங்கி ஓட்டுவது சட்டப்படி குற்றம். இதில் எனக்கு முழு உடன்பாடு. அங்கே எரிமலைப் பாறைமேல் வளரும் பாசியில் ஒரு சக்கரம் ஏறினால் அந்தத் தடம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும். நல்ல படம் கிடைக்கும் என்று தயவுசெய்து யாரும் இறங்காதீர்கள். எண்ணுக்கு முன்னால் 'எஃப்' என்று போட்ட மலைச்சாலைகளுக்கு நான்கு சக்கர இயக்க வண்டி கட்டாயம். பல இடங்களில் பாலமே இல்லாமல் ஆற்றில் இறங்க வேண்டும். எங்கள் கார் அந்த வகை இல்லை, அதனால் அந்தப் பக்கமே போகவில்லை.

வடக்கே டால்விக்குக்கும் ஓலாஃப்ஸ்ஃபியோர்துருக்கும் நடுவே சுமார் 3.4 கிலோமீட்டர் நீளத்தில் ஒற்றைத் தடச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. இருதிசை வண்டிகளுக்கும் அதே ஒரு தடம்தான். இடையிடையே ஒதுங்குமிடங்கள் உண்டு. அவை யாருக்கு வலது பக்கத்தில் இருக்கின்றனவோ அவர்கள்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். நாங்கள் போன திசையில் அது எங்கள் பொறுப்பு. இருட்டில் எதிரே தெரியும் விளக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது கடினம். "அடுத்ததுக்குப் போயிடலாமா?" என்று கேட்டேன். "வேண்டாங்க, இதுலயே நில்லுங்க" என்றாள். நின்றோம். நினைத்ததைவிட நேரம் எடுத்துத்தான் அந்த லாரி வந்து சேர்ந்தது. ஓட்டுநர் கை உயர்த்திவிட்டுப் போனார். அதற்குப் பின்னால் இன்னொரு வண்டியும் வந்துகொண்டிருந்தது. அதுவும் கடந்த பிறகே ஒதுங்குமிடத்தை விட்டு வெளியே வந்தோம்.