பின்சீட்டில் குளிர், முன்சீட்டில் வெக்கை

வான் வண்டியில் ஏசி குளிரவில்லை என்று திருகோணமலையில் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: "காஸ் குறைஞ்சிருக்கும், அடிச்சு விடுங்கோ." எனக்கு அது சரியாகப் படவில்லை.

எங்களுடையது டுவல் ஏசி உள்ள பழைய டீசல் வான். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே கொம்பிரசர், ஒரே காஸ். காஸ் குறைந்திருந்தால் பெரும்பாலும் இரண்டு பக்கமும்தானே குளிர் குறையும்? நிலாவெளி ரோட்டில் மத்தியான வெயிலில் போகும்போது பின்னால் பிள்ளைகள் ஏசியைக் குறைக்கச் சொல்கிறார்கள், ஸ்டியரிங் பிடித்த எனக்கு வியர்த்து வழிகிறது. இந்த வானில் முன்பக்கம் மட்டும் இருப்பது ஹீற்றர். அதனால் சந்தேகம் அங்கே போனது.

ஹீற்றர் என்பது டாஷ்போட்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி றேடியேற்றர். எஞ்சினின் வெந்நீர், 80, 90 பாகைச் சூட்டில், அதற்குள் ஓடும். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் லீவரை நீல முனைக்குத் தள்ளினால் ஒரு கேபிள் போய் தண்ணீர் வால்வை மூட வேண்டும். லீவரை நீலத்தில் வைத்து ஹீற்றர் ஹோஸைத் தொட்டேன். கையை வைக்க முடியவில்லை. எஞ்சின் ஆறிய பிறகு ஹோஸைத் துணி சுற்றி கிளாம்பால் நெரித்துவிட்டு ஓடிப் பார்த்தால், உப்புவெளி தாண்டுமுன்பே முன்பக்கமும் குளிர்ந்துவிட்டது. (பழைய ஹோஸ் என்றால் மெதுவாக நெரியுங்கள், வெடித்துவிடும்.)

கராஜில் தம்பி ஒருவர், "ஹீற்றர் லைனையே கட் பண்ணி விடுவம் அண்ணை, இங்க யாருக்கு ஹீற்றர்?" என்றார். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. நுவரெலியா போனால் தேவை. மார்கழி மழையில் கண்ணாடி புகைந்தால் ஏசியும் ஹீற்றரும் சேர்ந்து போட்டால்தான் சட்டென்று தெளியும்.

கேபிளைக் கழற்றினேன். உறைக்குள் கம்பி துருப்பிடித்து இறுகி, வால்வு பாதியில் நின்றிருக்கிறது. கடல் காற்று செய்கிற வேலை. எண்ணெய் விட்டும் இளகவில்லை. கடையில் சைக்கிள் பிரேக் கேபிளை எடுத்துத் தந்தார்கள். அது இழுக்க மட்டும்தான் உதவும், தள்ளினால் மடங்கிவிடும். இதற்கு ஒற்றை இரும்புக் கம்பி வேண்டும். பழைய பார்ட்ஸ் கடையில் ஒன்று கிடைத்தது. பூட்டும்போது லீவரை நீல முனையில் வைத்து, வால்வைக் கையால் முழுதாக மூடிக்கொண்டு, அதன் பிறகே உறையின் கிளிப்பை இறுக்க வேண்டும். மாறிச் செய்தால் திரும்பவும் வால்வு ஒரு நூல் அளவு திறந்தே நிற்கும்.

அப்புறம் புளோவர், அதாவது காற்றை ஊதும் விசிறி. கடைசி வேகத்தில் மட்டும்தான் சுற்றியது. மோட்டர் நல்லது, வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் றெசிஸ்டர் போய்விட்டது என்பதற்கு இதுவே அடையாளம், ஏனென்றால் கடைசி வேகத்துக்குக் கரண்ட் அதைத் தொடாமல் நேரே போகிறது. குளோவ் பொக்ஸைக் கழற்றினால் காற்றுப் பாதையிலேயே இருக்கிறது. சுருள் அறுந்திருந்தது, சொக்கெட்டும் கருகியிருந்தது. இரண்டையும் மாற்றினேன்.

இன்னும் ஒன்று மிச்சம். ஏசி போட்டதும் எஞ்சினின் ஐட்லிங், அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம், கூட வேண்டும், கூடவில்லை. சிக்னலில் நின்றால் குளிர் குறைகிறது. அந்த வேகத்தைக் கூட்டும் வாக்குவம் ஹோஸில் எங்கோ காற்று ஒழுகுகிறது போல, அடுத்ததாக அதைப் பார்க்க வேண்டும்.