பாரம் தெரியும் பக்கங்கள்

சூப்பர் ஹீரோ காமிக்ஸில் பறப்பதையும் அடிப்பதையும் தவிர வேறு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் எடுத்துக் கொடுப்பது, 1966 பிப்ரவரி என்று அட்டையில் தேதியிட்ட ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன்’ 33ஆம் இதழைத்தான். ஸ்டீவ் டிட்கோ வரைந்து, ஸ்டான் லீ வசனம் எழுதிய அந்த இதழில், பிரம்மாண்டமான ஓர் இயந்திரத்தின் அடியில் ஸ்பைடர்மேன் சிக்கிக் கிடக்கிறான். மேலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அவனை வளர்த்த மே அத்தையைக் காப்பாற்றக்கூடிய மருந்து, கைக்கு எட்டாத தூரத்தில், அவன் கண்ணெதிரே தரையில் கிடக்கிறது.

டிட்கோ அவனை உடனே எழுந்து நிற்க வைத்துவிடவில்லை. சிறிய கட்டங்களில் தோளும் முதுகும் நடுங்குகின்றன, முயன்று தோற்கிறான், மறுபடி முயல்கிறான். இயந்திரம் அங்குலம் அங்குலமாக உயர உயரக் கட்டங்களும் பெரிதாகிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு முழுப் பக்கத்தில் அவன் அதைத் தூக்கி எறியும்போதுதான் வாசிப்பவருக்கும் மூச்சு வருகிறது. முந்தைய பக்கங்களின் நெருக்கம் இல்லாதிருந்தால் அந்தப் பெரிய படத்துக்கு இவ்வளவு வலிமை வந்திருக்காது. இத்தனைக்கும் பிறகு அவன் செய்யும் வேலைகளில் ஒன்று, காயம்பட்ட முகத்தோடு பத்திரிகை அலுவலகத்துக்குப் போய்த் தான் எடுத்த புகைப்படங்களை விற்பது.

மொரீஷியஸில் பிறந்த எனக்கு அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் தைப்பூசம் நினைவுக்கு வரும். பத்து நாள் விரதமிருந்து, பால் சொம்புகள் கட்டிய காவடியைத் தோளில் ஏற்றி, காத்ர் போர்ன் நகரில் கோர் தெ கார்த் மலைச்சரிவிலுள்ள முருகன் கோயிலுக்கு நான் நடந்திருக்கிறேன். தை மாத வெயிலில் சூடேறிய தார்ச்சாலையில் நடக்கும்போது காவடியின் எடை முதலில் தோளில்தான் தெரியும். பிறகு கழுத்துக்கு ஏறும். படிகளுக்கு வந்து சேர்வதற்குள் முழங்காலுக்கு இறங்கிவிடும். டிட்கோவின் கட்டங்களிலும் எடை அப்படித்தான் உடம்பின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்கிறது. காவடி எடுத்தவர்கள் அந்தப் பக்கங்களை விளக்கம் இல்லாமலே புரிந்துகொள்வார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை.

கட்டங்களைப் பெரிதாக்கிக்கொண்டே போகும் டிட்கோவின் உத்தியைச் சூப்பர்மேன் இறக்கும் கதையில் இன்னும் கறாராகக் கையாண்டிருக்கிறார்கள். டூம்ஸ்டே என்னும் அரக்கனுடன் நடக்கும் சண்டை உச்சத்தை நெருங்கும்போது, ஓர் இதழில் பக்கத்துக்கு நான்கு கட்டங்கள், அடுத்ததில் மூன்று, அதற்கடுத்ததில் இரண்டு என்று குறைந்துகொண்டே வந்து, 1992 நவம்பரில் விற்பனைக்கு வந்த ‘சூப்பர்மேன்’ 75ஆம் இதழில் ஒவ்வொரு பக்கமும் ஒரே படமாக நிற்கிறது. வடிவம் என்ற அளவில் அதை நான் இன்றும் மெச்சுகிறேன். ஆனால் அடுத்த ஆண்டே அவனை உயிரோடு திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள். காதலி லோயிஸின் மடியில் அவன் கிடந்த அந்தப் படத்தை இப்போது பார்த்தால் எனக்குத் துக்கம் வருவதில்லை. அதை வரைந்த உழைப்பின் மீது மதிப்பு வருகிறது, அவ்வளவுதான்.

ஸ்பைடர்மேனின் காதலி குவென் ஸ்டேசியின் சாவு வேறு மாதிரியானது. 1973 ஜூன் தேதியிட்ட ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன்’ 121ஆம் இதழில், பாலத்தின் உச்சியிலிருந்து விழும் அவளை ஸ்பைடர்மேன் வலையை வீசிப் பிடிக்கிறான். வசனம் அதை ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்கிறது, வரைந்திருப்பதோ புரூக்ளின் பாலம் போலிருக்கிறது. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவள் கழுத்தருகே மிகச் சிறிய எழுத்தில் ஒரு முறிவுச் சத்தம் எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்தை வேகமாகப் புரட்டினால் கண்ணில் படாது. அவன் காப்பாற்ற வீசிய வலைதான் அவளைக் கொன்றது என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அவளைப் போன்ற நகல்கள் எத்தனையோ வந்தாலும், மூலக் கதையின் குவென் பல பத்தாண்டுகளுக்குச் செத்தவளாகவே இருந்தாள். ஆகவே அந்தக் கட்டத்தின் பாரம் ஐம்பது ஆண்டுகள் கடந்தும் குறையவில்லை. எந்தச் சாவையும் அடுத்த தொடரில் அழித்து எழுதலாம், எந்த உலகத்தையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம் என்ற இன்றைய வழக்கம் கதாசிரியர்களுக்கு வசதியாக இருக்கலாம், ஆனால் வாசகனிடமிருந்து பயத்தைப் பறித்துவிடுகிறது. பயமில்லாத இடத்தில் வீரத்துக்கு என்ன வேலை?

இதையெல்லாம் நான் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படிப்பதற்கு முன்பே எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இரும்புக்கை மாயாவி. 1972இல் முத்து காமிக்ஸ் தன் முதல் வெளியீடாகக் கொண்டுவந்த அந்தப் பிரிட்டிஷ் கதையை, தமிழ்நாட்டுக்குத் தலயாத்திரை போய் வந்த என் தாய்மாமா, பழனி விபூதிப் பொட்டலங்களோடு ஒரே பையில் வைத்துக் கொண்டுவந்தார். மாயாவிக்குச் சக்தி சும்மா வருவதில்லை. மின்சாரம் உடம்பில் பாய்ந்தால்தான் அவர் மறைய முடியும். மறைந்த பிறகும் அந்த எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் தெரிந்துகொண்டே இருக்கும். ஆய்வுக்கூட விபத்தில் இழந்த கைக்குப் பதிலாகப் பொருத்தப்பட்டது அது.

மாமாவின் பிரதி இப்போது என்னிடம் இருக்கிறது. தாள் பழுத்து, ஓரங்கள் பொடிந்துவிட்டன. ஒரு பக்கத்தில் விபூதிக் கறை உண்டு. அதை நான் துடைக்கவில்லை.