ஒரு பெயர் மாற்றத்துக்குப் பதினான்கு மாத அலைச்சல்

தாத்தா 2021-இல் காலமான பிறகும், ஊத்துக்கோட்டை வட்டத்திலுள்ள எங்கள் ஒன்றரை ஏக்கரின் பட்டா அவர் பெயரிலேயே இருந்தது. அப்பா ஒரே வாரிசு என்பதால், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பிஎம் கிசான் உதவித்தொகை தாத்தாவுக்குத் தவணைக்கு 2,000 ரூபாயாக வந்துகொண்டிருந்தது, அது நின்றபோதுகூட எங்களுக்கு உறைக்கவில்லை. இனி எந்த மானியத்துக்கும் நிலப் பதிவேட்டிலுள்ள பெயரைத்தான் பார்ப்பார்கள் என்று வேளாண் உதவி அலுவலர் எச்சரித்த பிறகே, 2024 ஜூனில் விழித்துக்கொண்டோம்.

இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சிரமமின்றிக் கிடைத்தன. நான் அம்பத்தூரில் குடியிருப்பதால், வீட்டருகே இருந்த ஓர் இ-சேவை மையத்திலேயே பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்தேன், பிசகியது அங்கேதான். நிலம் பிரியவில்லை, பெயர் மட்டுமே மாறுகிறது என்றால் ‘உட்பிரிவு இல்லாத’ வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணினியில் இருந்த இளைஞர் ‘உட்பிரிவு’ என்பதைச் சொடுக்கினார். உட்பிரிவுக் கட்டணத்தையும் கேட்டு வாங்கினார். நானும் விவரம் தெரியாமல் கட்டினேன். உட்பிரிவு என்றால் விண்ணப்பம் நில அளவரிடம் போகும், அவர் வந்து அளந்தால்தான் அடுத்த மேசைக்கு நகரும். அளப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை என்பதால் அது ஆறு மாதம் அப்படியே கிடந்தது.

மூன்று முறை விடுப்பெடுத்து, செங்குன்றத்தில் பேருந்து மாறி ஊத்துக்கோட்டை வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். மூன்று முறையும் நில அளவர் வெளியே போயிருந்தார். கடைசி முறை எழுத்தர் ஒருவர் திரையை என் பக்கம் திருப்பி, “நீங்கதானே சார் சப்-டிவிஷன் கேட்டிருக்கீங்க?” என்றார். ரசீதிலேயே உட்பிரிவு என்ற அந்த வார்த்தை இருந்தது. அத்தனை மாதமும் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஆகவே, மையத்தை விட்டு இறங்கும் முன் ரசீதின் ஒவ்வொரு வரியையும் படித்துவிடுங்கள்.

2025 ஜனவரியில் சரியான வகையில் 60 ரூபாய் கட்டி மறுபடி விண்ணப்பித்தேன். கிராம நிர்வாக அலுவலர், மண்டலத் துணை வட்டாட்சியர் என்று போய், மூன்றே வாரத்தில் பட்டா அப்பா பெயருக்கு வந்தது.

அதற்குள் விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணுக்குப் பதிவு முகாம்கள் தொடங்கியிருந்தன. பதிவு இலவசம், ஆனால் ஒருமுறைக் கடவு எண் (ஓடிபி) ஆதாரோடு இணைத்த கைப்பேசிக்குத்தான் வரும், அப்பாவின் ஆதாரிலோ எப்போதோ தொலைந்த சிம்மின் எண் இருந்தது. ஆதார் மையத்தில் எண்ணை மாற்றிக்கொண்டு மறுபடி முகாமுக்குப் போனதில் இன்னொரு நாள் வீணானது.

இந்த இடத்தில் அப்பா ஏறக்குறைய கைவிட்டுவிட்டார். 2020-இல் வந்த மூன்று வேளாண் சட்டங்களையும், மறு ஆண்டே அவை திரும்பப் பெறப்பட்டதையும், 2021-இல் மாநில அரசு வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை தாக்கல் செய்ததையும் நாளிதழில் வரி விடாமல் படித்தவர் அவர். “எல்லாம் நல்லாதான் எழுதியிருக்கான், அதுல எம்பேரு எங்கடா இருக்கு?” என்று கேட்டார். மனைப்பிரிவுத் தரகர் ஒருவர் வாரந்தோறும் வாசலுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. அவருக்கு எங்கள் பட்டா எண் மனப்பாடம்.

கடைசி முட்டுக்கட்டை பிஎம் கிசான் புதுப் பதிவில் வந்தது. 1.2.2019-க்குப் பிறகு பெயர் மாறிய நிலத்துக்குத் தொகை கிடையாது என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அந்த விதியிலேயே, உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு. வழிகாட்டு நெறிமுறையை அச்செடுத்து, அந்த வரியை அடிக்கோடிட்டு இறப்புச் சான்றோடு மேசையில் வைத்தேன். அதற்குமேல் யாரும் எதுவும் பேசவில்லை.

2025 ஆகஸ்ட் 2 அன்று அப்பாவின் கணக்கில் 2,000 ரூபாய் ஏறியது. இடையில் போன தவணைகள் போனவைதான். பக்கத்து வயல்காரர் அடுத்த ஞாயிறு தம்மோடு வரச் சொல்லியிருக்கிறார். அவருடைய பட்டாவில் மூன்று பெயர்கள் இருக்கின்றன, அவற்றில் இரண்டு இறந்தவர்களுடையவை.