ஒரு நேரம் இழுக்கும், ஒரு நேரம் இழுக்காது: பழைய காரில் விட்டுவிட்டு வரும் பிக்கப் கோளாறு

பிக்கப் மொத்தமாகப் போய்விட்ட காரில் குறையைக் கண்டுபிடிப்பது எளிது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென மூச்சு முட்டி, ஓரமாக ஐந்து நிமிடம் நிறுத்தியதும் எதுவுமே நடக்காத மாதிரி ஓடினால்தான் திண்டாட்டம். ஒர்க்‌ஷாப்புக்குள் நுழையும்போது குறை தெரியாது. பிளக், ஃபில்டர், காயில், பம்பு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள். காசு கரையும், கோளாறு அப்படியே இருக்கும். இந்த வகைக் குறையை அது வரும் நேரத்தில் மீட்டரை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். இங்கே சொல்வது இன்ஜெக்‌ஷன் (கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைத் தெளிக்கும் முறை) வைத்த பழைய பெட்ரோல் கார்களுக்கு.

முதலில், குறை எஞ்சினில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தின் ரிம் மட்டும் கொதித்தால் அந்த பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவை இரண்டும் இல்லை என்றால் பானெட்டைத் திறக்கலாம்.

குறை எப்போது வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். எஞ்சின் சூடான பிறகா, மேட்டில் ஏறும்போதா, டாங்க்கில் பெட்ரோல் குறைந்தபோதா, மழையிலா? அதைவிட முக்கியம், சக்தி எப்படிப் போகிறது என்பது. மெதுவாக வாடிப்போய், ஆக்சிலேட்டரைத் தளர்த்தினால் சற்றே மீண்டு வந்தால் பெரும்பாலும் பெட்ரோல் போதவில்லை. வெட்டி வெட்டிக் குலுக்கினால் தீப்பொறி. சட்டென்று அணைந்துபோய், ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆனால் சென்சார் அல்லது ரிலே (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்). குலுக்கலே இல்லாமல், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தால் சைலன்சர் பக்கம் பாருங்கள்.

என் கணக்கில் அதிகம் ஏமாற்றுவது பெட்ரோல் பக்கம்தான். டாங்க்குக்குள் பம்பின் அடியில் ஒரு வலைச் சல்லடை இருக்கும். துருவும் கசடும் பம்பு உறிஞ்சும் வேகத்தில் அதில் போய் ஒட்டும். அதிக பெட்ரோல் தேவைப்படும் மேட்டில் எஞ்சின் திணறும். வண்டியை அணைத்ததும் உறிஞ்சல் நின்று கசடு உதிர்ந்துவிடும், மறுபடி நன்றாக ஓடும். ஐந்து நிமிட ஓய்வில் சரியாகிற வண்டிகளில் பலவற்றின் ரகசியம் இதுதான். டாங்க் மூடியில் அல்லது டாங்க்குக்குள் காற்று போகும் வென்ட் குழாயில் அடைப்பு இருந்தாலும் இதே அறிகுறி வரும். அதைப் பார்ப்பது சுலபம்: குறை வந்த உடனே மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்து, வண்டியும் உடனே சரியானால் வென்ட்தான்.

குறை உண்மையில் பெட்ரோல் பக்கம்தானா என்பதைப் பிரஷர் கேஜ் (குழாயில் பெட்ரோலின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர்) சொல்லும். பம்பு ஃபியூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் தானே அணையும்வரை ஓடவிட்டால் குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு கேஜை மாட்டுங்கள். கேஜின் முகத்தைக் கண்ணாடிக்கு வெளியே, வைப்பருக்கு அடியில் வைத்துக் கட்டி ஓட்டிப் பாருங்கள். காருக்குள் மட்டும் கொண்டுவரவே கூடாது. ஒரு துளி கசிந்தாலும் தீ ஆபத்து. பல கார்களில் அழுத்தம் 3 பார் அளவில் இருக்கும், உங்கள் வண்டிக்கான எண்ணைச் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். ரெகுலேட்டரில் (பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) வேக்யூம் குழாய் உள்ள வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் முள் அரை பார் அளவு ஏற வேண்டும். குழாய் இல்லாததில் அசையாமல் நிற்க வேண்டும். மேட்டில் முள் இறங்கினால் குறை பெட்ரோல் பக்கம்தான்.

அதற்காக உடனே பம்பை மாற்றிவிடாதீர்கள். பம்பு ஓடும்போது அதன் இரண்டு முனைகளுக்கு நடுவே வோல்ட் பாருங்கள். பேட்டரியில் இருப்பதைவிட 1 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் குறை வயரிங்கில்: கருகிய ரிலே, பச்சை பூத்த கனெக்டர், துருப்பிடித்த எர்த். பழைய ரிலேக்களின் உள்ளே சால்டர் விரிசல் விட்டிருக்கும். சூட்டில் விரிந்து தொடர்பு விடும், ஆறினால் சேரும். நல்ல பம்புகள் குப்பைக்குப் போவது இதனால்தான்.

பொறிக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தரும் காயிலின் கோளாறும் சூட்டோடுதான் வரும். குளிர்ந்திருக்கும்போது ஓம் அளந்தால் சரியாகவே காட்டும், சூட்டில்தான் உள்ளே இன்சுலேஷன் விடும். ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது சிலிண்டரில் அழுத்தம் கூடுவதால், பொறி தாண்ட அதிக வோல்டேஜ் தேவை. அதனால் பலவீனமான காயில் ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) நன்றாக ஓடும், மேட்டில் மிஸ் அடிக்கும் (சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் போகும்). பிளக் இடைவெளி தேய்ந்து அகன்றிருந்தாலும் இதே கதை. பல எஞ்சின்களுக்கு 0.8 முதல் 1.1 மி.மீ. இருக்கலாம். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்களின் மேல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். நீலப் பொறி ஓடும் வயரைக் கழித்துக்கட்டுங்கள். வயரைக் கையால் உருவிச் சோதிக்க வேண்டாம். ஷாக் அடிக்கும், காயிலும் போகலாம், எரியாத பெட்ரோல், சைலன்சர் பக்கம் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்.

ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) மாட்ட முடிகிற காரில் நான் முதலில் பார்க்கச் சொல்வது, புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை. ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து, குறை வரும் நொடியில் அது 0.8 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பெட்ரோல் தாராளமாக வருகிறது. பம்பைத் தொட வேண்டாம். 0.2க்குக் கீழே விழுந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது மிஸ்ஃபயர். மிஸ்ஃபயரிலும் எரியாத காற்று வெளியேறுவதால் சென்சார் ஏமாந்துபோகும். இந்த இரண்டையும் பிரிக்கத்தான் வாடுகிறதா, வெட்டுகிறதா என்று முன்பே குறித்துவைக்கச் சொன்னேன். காற்று அளக்கும் சென்சாரின் கம்பியில் தூசி படிந்தாலும் பெட்ரோல் குறையும்; அதற்கென்று விற்கும் ஸ்பிரேயால் கழுவுங்கள், விரலோ துணியோ படக்கூடாது.

ஓடும் வண்டி கியரில் இருக்கும்போதே எஞ்சின் அணைந்து, வண்டி உருண்டுகொண்டிருக்க ஆர்பிஎம் முள் மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்தால், எஞ்சின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படலாம். த்ராட்டில் (காற்று வழியைத் திறக்கும் வால்வு) சென்சாரை முள் வைத்த மீட்டரால் பாருங்கள்: மூடியிருக்கும்போது 0.5 வோல்ட் அளவில் தொடங்கி, முழுதாகத் திறக்கும்போது 4.5 வரை முள் தடங்காமல் ஏற வேண்டும். நடுவில் ஒரு துடிப்பு இருந்தால் அதுதான் வண்டி திக்கும் இடம். டிஜிட்டல் மீட்டரில் அந்தத் துடிப்பு தெரியாமலே போய்விடும்.

கன்வெர்ட்டரின் உள்ளே இருக்கும் தேன்கூடு உடைந்தால் துண்டுகள் நகர்ந்து சில நேரம் வழியை அடைக்கும், சில நேரம் விடும். எஞ்சின் ஆறிய பிறகு ரப்பர் சுத்தியால் தட்டினால் கலகலவென்று சத்தம் கேட்கும். எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயில் வேக்யூம் கேஜை மாட்டி 2500 ஆர்பிஎம்மில் பிடியுங்கள். முள் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் புகை வெளியேற வழியில்லை என்று அர்த்தம்.

பாகத்தை மாற்றிய பின் ஒர்க்‌ஷாப்பைச் சுற்றி ஒரு ரவுண்டு போய்ப் பார்த்தால் போதாது. குறித்து வைத்த அதே நிலைமையில், அதே மேட்டில், அதே அளவு பெட்ரோலுடன், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஓட்டிப் பாருங்கள். கேஜைக் கழற்றாமல் வைத்திருங்கள். முன்பு இறங்கிய முள் இப்போது நிற்கிறதா என்று பார்த்த பிறகே கழற்றுங்கள்.