சரி, பிழை, சொல்லவில்லை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம் கல்லூரியில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு வௌவால் பந்தி கட்டாயம் நினைவிருக்கும். வௌவால் எப்படி வழி அறிகிறது என்பது பற்றிய ஆங்கில வாசிப்புப் பந்தி அது. றோணியோ என்ற பழைய படியெடுக்கும் இயந்திரத்தில் அடித்த ஒற்றைத் தாள். கடுதாசித் தட்டுப்பாட்டுக் காலம் என்பதால் இரண்டு பேருக்கு ஒன்றுதான் கிடைக்கும். அதில் பென்சிலால்கூடக் கோடு போடக் கூடாது. அடுத்த வகுப்புக்கும் அதே தாள்தான் போக வேண்டும்.

கிரகித்தல் பாடம் என்றால் மற்ற ஆசிரியர்கள் பந்தியை உரத்து வாசிக்கச் சொல்வார்கள். நம் சேர் பந்தியைக் கையால் மறைக்கச் சொல்லிவிட்டுக் கேள்விகளை வாசிக்க வைப்பார். "கேள்வி எழுதுகிறவன் எல்லாச் சொல்லையும் மாற்றிப் போடுவான். ஆளின் பெயரையும் ஆண்டையும் அவனால் மாற்ற முடியாது. அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கு" என்பார். அந்தப் பந்தியில் பெயர்களுக்கும் ஆண்டுகளுக்கும் குறைவே இல்லை. பாதிச் சொற்களுக்குப் பொருள் தெரியாமலேயே நாங்கள் விடை எடுத்தோம்.

பந்தியின் கதை நல்ல கதை. இத்தாலியப் பாதிரியாரும் விஞ்ஞானியுமான ஸ்பலன்சானி 1793இல் கும்மிருட்டு அறையில் ஆந்தையையும் வௌவாலையும் பறக்கவிட்டார். ஆந்தை தடுமாறியது, வௌவால் தன்பாட்டில் பறந்தது. கண் தெரியாமல் செய்த பிறகும் அது தொங்கவிட்ட நூல்களில் முட்டவில்லை. அடுத்த ஆண்டு ஜெனீவாவில் ஜூரின் என்ற சத்திரசிகிச்சை மருத்துவர் வௌவால்களின் காதை அடைத்துப் பார்த்தார். அவை கண்டபடி மோதின. அப்படியென்றால் அவை காதால்தான் வழி அறிகின்றன. ஆனால் என்ன சத்தத்தைக் கேட்கின்றன? மனிதர் காதுக்கு ஒன்றுமே கேட்கவில்லையே! பெரிய அறிஞரான குவியே 'அது தொடுவுணர்ச்சி' என்று சொல்ல, அதுவே நூறு ஆண்டுக்கும் மேலாக நிலைத்துவிட்டது. பெரிய ஆள் சொன்னால் எடுபடுவது அறிவியலிலும் நடக்கிறது.

இயந்திரத் துப்பாக்கி செய்த மாக்சிம், டைட்டானிக் மூழ்கிய 1912இல், வௌவால் செட்டை அடிக்கும் தாழ்ந்த ஒலியின் எதிரொலியைக் கேட்கிறது என்றார். எதிரொலி சரி, தாழ்ந்த ஒலி பிழை. 1920இல் ஹார்ட்ரிஜ் மிக உயர்ந்த ஒலியாக இருக்கலாம் என்றார். கடைசியில் 1938இல், ஹார்வர்டில் மாணவராக இருந்த கிரிஃபின், மனிதருக்குக் கேட்காத உயர்ந்த ஒலியைப் பிடிக்கும் இயற்பியலாளர் பியர்ஸின் கருவிக்கு முன்னால் வௌவால்களைக் கொண்டுபோய் வைத்தார். கருவிக்குக் கேட்டது.

இதில் யார் எதைச் சொன்னார் என்று பொருத்துவது ஒரு கேள்வி. அது சுகம். எங்களைத் திணறடித்தது மற்றது. சேரிடம் சரி, பிழை என்பதோடு 'சொல்லவில்லை' என்று மூன்றாவது விடையும் இருந்தது. 'பார்வை இல்லாவிட்டால் வௌவால் தடைகளில் மோதும்' என்றால் பிழை. பந்தியே அதை மறுக்கிறது. 'எல்லா வௌவால்களும் எதிரொலியால் வழி அறிகின்றன' என்றால்?

கல்லூரி மதிலோரத்து மரத்தில் பழந்தின்னி வௌவால்கள் தொங்குவது எல்லோருக்கும் தெரியும். விலங்கியல் ஆசிரியர் அவை கண்ணாலும் மணத்தாலும் போகின்றன என்று அதற்கு முதல் வாரம்தான் சொல்லியிருந்தார். வகுப்பில் பாதிப் பேர் 'பிழை' என்று எழுதினோம். சேர் எல்லாவற்றையும் வெட்டினார். பின்வாங்கிலிருந்து ஒருவன் எழும்பி, "சேர், மரத்தில் தொங்குதே" என்றான். "மரத்தில் தொங்குது. தாளில் தொங்கவில்லையே" என்றார் சேர். வகுப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பொருள் விளங்கினால் போதும், தெரிந்ததை எழுதினால் என்ன குற்றம் என்று அன்று எனக்கும் கோபம்தான்.

போன வருடம் என் பெறாமகள் இங்கிலாந்தில் மேற்படிப்புக்காக ஐஈஎல்ரிஎஸ் என்ற ஆங்கிலச் சோதனை எடுத்தாள். வாசிப்புப் பகுதியில் மூன்று பந்தி, நாற்பது கேள்வி, அறுபது நிமிடம். விடையை மாற்றி எழுதத் தனி நேரமும் தரமாட்டார்கள். ஒரு நாள் வாட்ஸ்அப்பில் பயிற்சித் தாளொன்றின் படம் வந்தது. பார்த்தால் வௌவால், அதே 'எல்லா வௌவால்களும்' கேள்வி!

"சித்தப்பா, இது பிழைதானே? ஏன் 'சொல்லவில்லை' என்று போட்டிருக்கிறார்கள்?"

"பந்தியில் எந்த வரி அதை மறுக்குது பிள்ளை? விரலை வைத்துக் காட்டு."

சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு, "வரி இல்லை. ஆனால் எனக்குத் தெரியும்" என்று வந்தது. விஞ்ஞானம் படித்த பிள்ளைக்குத்தான் இந்தக் கேள்வி கூடக் கஷ்டம். மறுக்கும் வரி இருந்தால் பிழை, வரியே இல்லையென்றால் சொல்லவில்லை என்று சேரின் கணக்கைச் சொன்னேன். இரண்டு சொல்லுக்குள் எழுதச் சொன்னால் மூன்றாவது சொல் முழு விடையையும் கெடுக்கும் என்பதும் அவர் சொன்னதுதான்.

இந்தச் சோதனை ஒருவரின் ஆங்கிலத்தை முழுதாக அளக்கிறது என்று நான் நம்பவில்லை. அவசரத்தில் தேடி எடுக்கும் பழக்கத்தைத்தான் பெரும்பாலும் அளக்கிறது. ஆனால் பல்கலைக்கழகம் கேட்கிற புள்ளி வேண்டுமென்றால் அந்தப் பழக்கம் வேண்டும். அதை எங்களுக்கு இலவசமாகத் தந்தவர், இன்று ரியூட்டரிகள் பெரிய காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுப்பதை மங்கல் றோணியோத் தாளில் முடித்திருந்தார்.

சங்கத்தின் சனிக்கிழமை வகுப்புக்கு அந்தப் பந்திகளை மறுபடி தட்டச்சு செய்ய ஆசை. என்னிடம் ஒரு தாளும் மிஞ்சவில்லை. யாருடைய பழைய கொப்பிக்குள்ளாவது இருந்தால் படம் எடுத்து மலர்க் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். மை பரவியிருந்தாலும் பரவாயில்லை, வாசித்துவிடுவோம்.