கசப்பு இல்லடி, துவர்ப்பு

ஒயின் பிடித்த மாதிரி நான் நான்கு வருடம் நடித்திருக்கிறேன். விருந்துகளில் யாராவது கையில் ஒரு கிளாஸைக் கொடுத்துவிடுவார்கள். மூக்குக்கிட்டே கொண்டுபோய் ஒரு தலையாட்டல், ஒரு சின்ன வாய், “நல்லா இருக்கே” என்று ஒரு வார்த்தை. அப்புறம் கைச்சூட்டில் அது வெதுவெதுப்பாகும்வரை தூக்கிக்கொண்டே சுற்றிவிட்டு, ஏதாவது ஒரு மேசையில் மறந்த மாதிரி வைத்துவிடுவேன். பக்கத்தில் செடித்தொட்டி இருந்தால் செடிக்கும் கொஞ்சம் கிடைக்கும்.

யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: “பழகப் பழகப் பிடிக்கும்.” எனக்கு எரிச்சலாக வரும். செருப்புக் கடிகூடத்தான் பழகப் பழக மரத்துப்போகிறது. அதை ரசனை என்றா சொல்கிறோம்?

அக்காவிடம்தான் உண்மையைச் சொன்னேன். ஒயின் சுவைப்பது பற்றிய மாலை வகுப்பு ஒன்றுக்குப் போய்வந்தவள் அவள். “எனக்குப் பிடிக்கலைக்கா. ஒரே கசப்பு” என்றேன்.

“எங்க கசக்குது?”

“வாயிலதான், வேற எங்க?”

“வாயில எங்கடி?”

பதில் தெரியவில்லை. அவள் எழுந்துபோய் மூன்று கப் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர். ஒன்றில் பாலும் சர்க்கரையும் இல்லாத காபி. மூன்றாவதில் தேயிலைப் பையைப் போட்டு இருபது நிமிடம் அப்படியே விட்ட வெறும் தேநீர். ஒவ்வொன்றையும் பத்து விநாடி வாயில் வைத்திருந்துவிட்டு விழுங்கச் சொன்னாள்.

எலுமிச்சைக்கு எச்சில் ஊறியது. காபி, விழுங்கிய பிறகும் அடிநாக்கில் தங்கியது. தேநீர் செய்தது வேறு. கன்னத்தின் உட்புறமும் ஈறும் வறண்டு, மேலுதடு பல்லோடு ஒட்டிக்கொண்டது. நாக்கால் தடவினால் துவைத்துக் காய்ந்த காடாத்துணி மாதிரி இருந்தது. அதன்பிறகு சிவப்பு ஒயினை ஊற்றி, “இப்ப சொல்லு, இதுல எந்தக் கப் இருக்கு?” என்றாள்.

தேநீர். பெரும்பாலும் தேநீர், கொஞ்சம் எலுமிச்சை. காபி அநேகமாக இல்லவே இல்லை.

“அப்ப அது கசப்பு இல்லடி, துவர்ப்பு.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. அறுசுவையில் துவர்ப்பைத் தனியாக எண்ணிவைத்திருக்கிற மொழியைப் பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டு, பிடிக்காததையெல்லாம் கசப்பு என்ற ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தேனே! உடலியல்படி பார்த்தால் துவர்ப்பைச் சுவை என்பதைவிடத் தொடு உணர்ச்சி என்பதுதான் சரி. திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. சிவப்பு ஒயினில் சாறு தோலோடும் விதையோடும் சேர்ந்தே நொதிப்பதால் அது இறங்குகிறது. வெள்ளை ஒயினுக்குப் பெரும்பாலும் முதலிலேயே சாற்றைப் பிழிந்து தனியே எடுத்துவிடுவார்கள். வாய்க்குள் போன டானின், எச்சிலில் இருக்கும் புரதங்களைப் பிடித்துத் திரளவைக்கிறது. எச்சிலின் வழவழப்பு போய்விடுகிறது. அதுதான் அந்தக் காடாத்துணி. சீஸ் மாதிரிக் கொழுப்பும் உப்பும் உள்ள ஏதாவது ஒரு துண்டைக் கூடவே கடித்தால் துவர்ப்பு அடங்குவதும் அன்றைக்கே தெரிந்தது.

பெயர் தெரிந்த உடனே ஒயின் பிடித்துவிட்டதா? இல்லை. ஆனால் வாய் அதை எதிரியாகப் பார்ப்பது நின்றது.

நான் ஆரம்பித்த இடமும் தப்பு. பார்க்கிற விருந்திலெல்லாம் எனக்குக் கிடைத்தது காபர்னே சாவின்யோன் என்ற சிவப்பு ஒயின். தோல் தடிமனான சின்னச் சின்னத் திராட்சை, அதனால் டானின் அதிகம். நீச்சல் தெரியாதவளை நடுக்கடலில் இறக்கிவிட்ட மாதிரி. அக்கா என்னைக் கரைக்குக் கூட்டிவந்தாள். முதலில் ஜெர்மனியின் மோசல் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து வரும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின், அதிலும் கபினெட் என்கிற லேசான வகை. ஆல்கஹால் 8, 9 சதவீதம்தான் இருந்தது. இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. அதற்கப்புறம் பிரான்சின் போஜோலே, கமே என்ற திராட்சையில் செய்வது. சிவப்புதான், ஆனால் துவர்ப்பு குறைவு. அதை இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ஊற்றினாள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்கிற பேச்சு ஐரோப்பாவின் பழைய குளிர்ந்த வீடுகளுக்குச் சொன்னது. 18 டிகிரியைத் தாண்டிப் போகப்போக ஆல்கஹாலின் நெடிதான் முன்னால் வந்து நிற்கும். நான்கு வருடம் கிளாஸைக் கையில் சூடாக்கிக்கொண்டு சுற்றியவள் நான். பிடித்திருந்தால்தான் அதிசயம்.

அடுத்த பாடம் மூக்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தால் புளிப்பும் துவர்ப்பும் லேசான காரச்சூடும் மட்டும்தான். கையை எடுத்ததும் பழவாசம் பின்தொண்டை வழியாக மேலே ஏறுகிறது. சுவை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதிக்கு மேல் வாசனை. இதை நம்பாதவர்கள் செய்து பார்க்கலாம், ஒரு நிமிடம் போதும்.

சீரா என்ற திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயினில் ‘மிளகு வாசம்’ என்று எழுதியிருப்பார்கள். அலங்காரப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நிஜமாகவே மிளகு வந்தது, அம்மியில் அப்போதுதான் தட்டிய மாதிரி. ரோட்டண்டோன் என்ற ஒரே சேர்மம்தான் மிளகிலும் சீராவிலும் அந்த வாசத்தைத் தருகிறது என்று 2008-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்து வெளியிட்டிருக்கிறார்கள். அந்த ஆய்வில் ஐந்து பேரில் ஒருவருக்கு அந்த வாசனையே எட்டவில்லையாம். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் யார் தெரியுமா? அக்காதான்! வகுப்புக்குப் போனவளுக்கு வரவில்லை, எனக்கு வருகிறது. அன்றைக்கு முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

வாசனைகளுக்கு ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்துக் குழம்பக் கூடாது என்று கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபல் 1980களில், வாசனைப் பெயர்களை வட்டமாக அடுக்கி, ஒரு வாசனைச் சக்கரம் தயாரித்தார். நல்ல கருவி. ஆனால் அதிலிருக்கும் பழங்களில் பாதியை நான் மோந்ததே இல்லை. அதனால் என் நோட்டில் என் பெயர்கள்தான்: புது நோட்டுப் புத்தகம், துருப்பிடித்த ஜன்னல் கம்பி, மழை விழுந்த சிலேட்டு. அக்கா படித்துவிட்டுச் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

ஒரு வருடத்தில் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. நானாகவே ஒரு பாட்டில் வாங்கித் திறந்தேன். ஈரமான அட்டைப்பெட்டி வாசம். ‘ஓ, மண்வாசனை, ஆழமான ஒயின்’ என்று நோட்டில் எழுதிக்கொண்டு ஒரு கிளாஸ் முழுக்கக் குடித்தும்விட்டேன். மறுநாள் வந்த அக்கா ஒரே ஒரு தடவை மோந்துவிட்டு, பாட்டிலை நேராகச் சிங்க்கில் கவிழ்த்தாள். “கார்க் கெட்டுப்போயிருக்கு. இதையா குடிச்ச?”

டிசிஏ என்று சுருக்கிச் சொல்கிற ஒரு சேர்மம் கார்க்கிலிருந்து இறங்கினால் இப்படி ஆகும். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே பழவாசம் மொத்தமும் அமுங்கிப்போகும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, மானத்துக்குத்தான். அந்த நோட்டுப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை, ஒட்டி வைத்திருக்கிறேன்.

அதற்கப்புறம்தான் சந்தேகம் பிடித்துக்கொண்டது. எனக்கு உண்மையிலேயே பிடிக்கிறதா, பிடிக்க வேண்டும் என்று பிடிக்கிறதா? 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிரான்சின் போர்தோவில் ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற வார்த்தைகளையே அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 2008-ல் வந்த இன்னொன்றில், ஒரே ஒயினின் விலையை ஏற்றிச் சொன்னதும் குடித்தவர்களுக்கு அது கூடுதலாகப் பிடித்துவிட்டது. படித்தவர்கள் கதையே இப்படி என்றால் நான் எந்த மூலைக்கு?

அக்கா மூன்று பாட்டில்களுக்குக் காகிதம் சுற்றினாள். மிகவும் பிடித்தது என்று நான் காட்டியது மூன்றில் விலை குறைந்தது. கொஞ்ச நேரம் முகம் தொங்கிப்போனது. அப்புறம் யோசித்தால், நல்லதுதானே, செலவு மிச்சம்.

இன்னொரு சந்தேகம் இன்னும் பெரியது. பிடித்தது ஒயினா, போதையா? மது எந்த அளவானாலும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. பழகிய சுவை என்று பெருமை பேசுகிறவர்கள் இதைத் தாண்டிக் குதித்துவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. அதனால் ஒரு மாதம் ஒரு வாய்கூட விழுங்கவில்லை. சுவைப்பதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் மாதிரி, பக்கத்தில் ஒரு டம்ளர் வைத்துத் துப்பினேன். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் மிளகு வந்தது, சிலேட்டு வந்தது, புளிப்பு வந்தது. பாதிச் சுகம் துப்பினாலும் மிஞ்சியது. மீதிப் பாதி எதனால் என்று எனக்கே தெரியும். இப்போது வாரத்தில் ஒருநாள், ஒரு கிளாஸ்.

போன மாதம் அக்கா ஒரு பரோலோ கொண்டுவந்தாள். இத்தாலியின் பியமோந்தே பகுதியில் நெபியோலோ என்ற திராட்சையில் செய்வது. வெளியில் விடுமுன் 38 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. கிளாஸில் ஊற்றினால் தண்ணீர் கலந்த மாதிரி வெளிறிய சிவப்பு. ரோஜாவும் தாரும் சேர்ந்த ஒரு வாசம். சாதுவாக இருக்கும்போலிருக்கிறதே என்று தாராளமாக ஒரு வாய் எடுத்தேன். மேலுதடு பல்லோடு போய் ஒட்டிக்கொண்டது. பேசவே முடியவில்லை.

“என்னடி, கசக்குதா?” என்று கேட்டுவிட்டு அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உதட்டைப் பிரித்துக்கொண்டு “துவர்க்குது” என்றேன். மீதி பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, நோட்டில் எழுதினேன்: நெபியோலோ, அடுத்த வாரம் மறுபடியும்.