வாய்க்கல்

அக்டோபர் 9
புதுச்சேரியில் மழை பிடித்துக்கொண்டது. நான் செய்த முழங்கால் உயர மண் உருவம் பத்து நாளாகியும் காயவில்லை. அடியில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்றிருந்தது. உள்ளே ஈரம் இருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "யானையா இது?" என்றார். இல்லைக்கா என்றேன். "அப்ப என்ன?" சிரித்து மழுப்பினேன். எனக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு.

அக்டோபர் 13
உருவத்தின் வாயை மூடி உச்சியில் ஊசித்துளை மட்டும் விட்டேன். மூடும் முன் காகிதத்தில் சுற்றிய மண் உருண்டை ஒன்றை உள்ளே போட்டேன். மண்சிற்பக் கலைஞர் டோஷிகோ டகாயெசு செய்த வேலை அது. சுடும்போது காகிதம் எரிந்துவிடும், உருண்டை உள்ளேயே உருளும்.

அவர் ஹவாயில் 1922இல் பிறந்தவர். அங்கே 1959இல் எரிமலை வெடித்துக் கருகி நின்ற மரங்களை மனதில் வைத்து, பல வருடம் கழித்து ஆளுயர மண்தூண்களை எழுப்பினார். பார்க்க மரம் மாதிரியும் இருக்காது, மரம் இல்லை என்றும் சொல்ல முடியாது.

அக்டோபர் 18
பொறுமை இல்லாமல் சின்ன உருவம் ஒன்றைச் சூளையில் வைத்துச் சூட்டை வேகமாக ஏற்றினேன். டப்பென்று ஒரு சத்தம். திறந்தால் சல்லி சல்லியாகக் கிடக்கிறது. தடித்த சுவருக்குள் இருந்த நீர் நூறு டிகிரியில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் பிளந்துவிட்டது. முழுக்க என் தப்பு.

அப்பாவிடம் போனில் சொன்னேன். "புகைய விட்டியாம்மா?" என்றார், உடனே. முப்பது வருடம் செங்கல் சூளை வைத்திருந்தவர். பெருந்தீ போடுமுன் சிறுதீயில் நாள்கணக்கில் ஆவி போகவிடுவார்கள். கல்லூரியில் இதையே வரைபடம் போட்டுப் படித்தேன். அப்போது அப்பா ஞாபகம் வரவேயில்லை, வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 19
தூக்கம் வரவில்லை. அப்பாவின் சூளை வாயோரம் சூடு தாங்காமல் உருகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கரும்பச்சையாகப் பளபளக்கும் கற்கள். விலைபோகாது, ஓரமாகக் குவித்திருப்பார்கள். பள்ளி விட்டதும் நான் ஏறி உட்காரும் இடம் அதுதான்.

விளக்கைப் போட்டுப் பெரிய உருவத்தைப் பார்த்தேன். அந்தச் சரிவு, அந்த உப்பல். யானையாம்!

அக்டோபர் 27
இதே ஊர் மண்பாண்டப் பட்டறையான கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் ரே மீக்கர், 1980களில் பச்சை மண்ணால் வீடு கட்டி, உள்ளே செங்கல்லை அடுக்கி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டவர். அப்பாவிடம் சொன்னால், "விறகுக் கணக்கு என்ன?" என்கிறார்.

நவம்பர் 8
இந்த முறை ஒன்றரை நாள் சிறுதீ. அப்புறம் மெல்ல மெல்ல 1280 டிகிரி. ஆறுவதற்கு இரண்டு நாள்.

திறக்கும்போது அப்பாவும் வந்திருந்தார். என்ன உருவம் என்று கேட்கவில்லை. விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டினார், கணீரென்றது. "வெந்துருச்சு."

லேசாகச் சாய்த்தார். காதைப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"உள்ள என்னமோ உருளுதேம்மா?"